பிட் ஸ்ட்ரீட்டில் ஒரு ஞாயிறு: குழுவாக வரைந்த நாள் குறித்த நிகழ்வு ஆய்வு

பழைய நகரப் பகுதி ஒன்றைக் குழுவாகப் போய் வரையத் திட்டம் போட உட்கார்ந்தால், முதலில் உருவாவது இடங்களின் பட்டியல்தான். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அந்தப் பட்டியல் சீக்கிரம் முடியாது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மையப் பகுதி மட்டும் 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். மையப் பகுதிக்குள் 1,700-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் நிற்கின்றன. கார்ன்வாலிஸ் கோட்டை, 60 அடி மணிக்கூண்டு, சீனக் குலமன்றங்கள், கடலுக்குள் மரக்கால் ஊன்றிய ஜெட்டி வீடுகள், 2012-ல் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய சுவரோவியங்கள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வரலாம் என்று ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்த உலாக்களில் ஒவ்வொருவர் புத்தகத்திலும் நாலைந்து அரைகுறை வரைவுகள் சேரும். ஒன்றும் முழுமையாக இருக்காது.

ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் நாங்கள் இருபத்தைந்து பேர் அளவில் கூடியபோது வேறொரு வழியை எடுத்தோம். நாள் முழுவதும் ஒரே தெரு. எந்த நேரத்தில் தெருவின் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை நிழல் முடிவு செய்யும். இந்த இரண்டு முடிவுகளும் அன்றைய படங்களை என்ன செய்தன, எங்கே உதவின, எங்கே இடித்தன என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதேபோல் உலா நடத்துகிற குழுக்களுக்கு இந்தக் கணக்கு பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் இந்தத் தெரு

ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங் என்பது இன்றைய பெயர். ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் பிட் ஸ்ட்ரீட்தான். 1786-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இந்த ஊரை அமைத்தபோது போட்ட முதல் கட்டத்தின் எல்லைகள் நான்கு: வடக்கே லைட் ஸ்ட்ரீட், கிழக்கே அன்றைய கடற்கரையை ஒட்டிய பீச் ஸ்ட்ரீட், தெற்கே சூலியா ஸ்ட்ரீட், மேற்கே பிட் ஸ்ட்ரீட். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடையில் 1818-ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோவில், மகா மாரியம்மன் ஆலயத்தின் பின்புறம், கபித்தான் கெலிங் பள்ளிவாசல் என வரிசையாக வந்துவிடும். தென்கோடியைத் தாண்டினால் 1808-ல் எழுந்த அச்சே தெருப் பள்ளிவாசல். வழிபாட்டு இடங்கள் இப்படி அடுத்தடுத்து இருப்பதால் சுற்றுலாத் துறை இதற்கு ‘நல்லிணக்கத் தெரு’ என்று பெயர் வைத்திருக்கிறது.

எனக்கு அந்தப் பெயரைவிட அவற்றுக்கு இடையில் இருக்கும் கடைவீடுகள்தான் முக்கியமாகப் பட்டன. கீழே கடை, மேலே குடியிருப்பு. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்கத் திறந்த முற்றம். பலகைச் சன்னல்களோடு தாழ்வாக இருக்கும் ஆரம்பக் காலத்து வீடு, அதற்கடுத்து சுதையில் பூவும் மாலையும் வைத்த 1920-களின் வீடு, அதற்கடுத்து வட்ட மூலையும் கொடிக்கம்பமும் வைத்த ஆர்ட் டெகோ கட்டடம் என்று ஒரே வரிசையில் பார்க்கலாம். ஒரு தெருவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது ஊர் முழுக்க ஓட வேண்டிய தேவை இல்லை.

சுவரோவியங்களைத் திட்டத்திலிருந்து முழுவதும் எடுத்துவிட்டோம். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் ஓவியத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க வரிசை நிற்கும். அங்கே மடக்கு ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் உட்காருவது மற்றவர்களுக்கு இடைஞ்சல். அதோடு, ஒருவர் வரைந்ததைப் பார்த்து மறுபடி வரைவதைவிட, யாரும் வரையாத ஒரு கதவை வரைவதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வெயிலின் கணக்கு

பினாங்கில் கடிகாரமும் சூரியனும் ஒன்றாக நடப்பதில்லை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரியில் தன் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி, உலக நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னதாக வைத்துக்கொண்டது. அந்த நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜார்ஜ் டவுனோ 100 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1:25 அளவில். 12 மணிக்கு உச்சி வெயில் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு 11 மணிக்கே மூட்டை கட்டுவார்கள். உண்மையில் காலை நிழல் அங்கே மதியம் 1 மணி வரை கூட வருகிறது. லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கான நேரம் சூரியன் உச்சியைத் தாண்டியதும் தொடங்கும் என்பதால் பள்ளிவாசலின் பாங்கொலியே தெருவில் நிழல் பக்கம் மாறுவதற்கான அறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது.

பிட் ஸ்ட்ரீட் ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகிறது. அப்படியென்றால் காலையில் கிழக்கு வரிசைக் கடைகளின் நிழல் தெருவில் விழும். அந்த வரிசையின் நடைபாதையில் உட்கார்ந்து எதிரே வெயிலில் குளிக்கும் மேற்கு வரிசையை வரையலாம். குவான் யின் கோவிலும் கபித்தான் கெலிங் பள்ளிவாசலும் மேற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வாய்ப்பாக அமைந்தது. பிற்பகலில் எல்லாம் தலைகீழ். மேற்கு வரிசையில் உட்கார்ந்து கிழக்கை வரைய வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் அன்று எல்லாருக்கும் பிடிபட்டது. காலை 9 மணி வெயில் முகப்பின் மேல் நேராக அடிக்கிறது. அப்போது சுவர் தட்டையாகத் தெரியும். சுதை வேலைப்பாடு எதுவும் எழுந்து நிற்காது. 11:30-க்கு மேல் சூரியன் ஏற ஏற வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். சன்னலின் மேல்விளிம்பு, மாடத்தின் அடி, தூணின் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே நீளமான நிழல் தொங்கும். அதனால் காலையின் முதல் பகுதியைக் கோட்டு வரைவுக்கும், 11:30 முதல் 1 மணி வரையிலான நேரத்தை நிழல் போடவும் வண்ணம் வைக்கவும் என்று பிரித்திருந்தோம். பலர் உலாவில் 9 மணிக்கே நிழலைப் போட்டுவிட்டு, முடிக்கும்போது எதிரே இருக்கும் கட்டடம் தன் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திண்டாடுவார்கள். அன்று அந்தத் திண்டாட்டம் மிகக் குறைவாக இருந்தது.

ஏற்பாடுகள்

சந்திப்பு காலை 8 மணிக்கு. கூட்டமாக ஒரே இடத்தில் உட்காராமல் மூன்று நான்கு பேராகப் பிரிந்து தெரு நெடுக அமர்வது என்று முன்கூட்டியே பேசிவைத்தோம். ஒவ்வொரு சிறு குழுவிலும் கைப்பழக்கம் உள்ள ஒருவரும் புதியவர் ஒருவரும் இருப்பார்கள். இருபத்தைந்து பேர் ஒரே வாசலில் உட்கார்ந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? பிரிந்து உட்கார்ந்தால் நாம் தெருவின் பழக்கத்துக்குள் அடங்கிப்போகிறோம்.

ஐந்தடி நடைபாதை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்கு அடியில், வெயிலும் மழையும் படாமல் தொடர்ந்து போகும் தாழ்வாரம் அது. 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் இதைக் கட்டாயமாக்கினார். பிறகு தீபகற்பத்து ஊர்கள் பலவற்றிலும் இதே வழக்கம் வேரூன்றியது. வரைபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அது நடப்பவர்களின் பாதை, கடைக்காரரின் வாசல், சில இடங்களில் ஊதுபத்தி எரியும் சிறு சாமி மாடம். எங்கள் ஒப்பந்தம் எளியது: தூணை ஒட்டி உட்கார வேண்டும்; பை காலுக்கு அடியில் இருக்க வேண்டும்; ஸ்டூல் போடுவதற்கு முன் கடையில் கேட்க வேண்டும்; தண்ணீர்க் குவளையைச் சாமி மாடத்தின் அருகே வைக்கக் கூடாது.

கருவிகளில் அதிகம் பேசியது தாளையும் மையையும் பற்றித்தான். பினாங்குக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். மெல்லிய தாளில் நீர்வண்ணம் வைத்தால் தாள் அலை அலையாகக் கிளம்பும், காயவும் நேரம் எடுக்கும். 300 ஜி.எஸ்.எம். தாள், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனமான தாள், அதைத் தாங்கும். ஃபவுண்டன் பேனாவில் தண்ணீரில் கரையாத மை போட்டு வரச் சொன்னோம். இந்த இரண்டாவது அறிவுரையின் பலன் பிற்பகலில் தெரிந்தது.

காலை

முதல் குழு குவான் யின் கோவிலுக்கு எதிரே இடம் பிடித்தது. அந்தக் கோவில் சைனா ஸ்ட்ரீட்டின் தலையில், கடலை நோக்கி நிற்கிறது. முற்றம் முழுக்கப் புறாக்கள், ஆளுயரப் பத்திகளின் புகை, கூரை முகட்டில் உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த பறவை நாகங்கள் (டிராகன்கள்). புதியவர்கள் எல்லாரும் முதலில் நாகத்தில்தான் கைவைத்தார்கள். அரை மணி நேரம் கழித்துத் தாளின் மேல்விளிம்பில் ஒரு நாகத்தின் தலை மட்டும் இருந்தது; கோவில் வர இடமே இல்லை. குழுவில் மூத்தவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். தீப்பெட்டி அளவுக்குச் சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் கூரையின் வளைவு, சுவரின் இருட்டு, முற்றத்தின் வெளிச்சம் என்று மூன்றே வடிவங்களை இரண்டு நிமிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சின்னப் படம் நன்றாக இருந்தால் மட்டும் பெரிய தாளுக்குப் போகலாம். அதற்கப்புறம் அந்தக் குழுவின் படங்கள் சட்டென்று மாறின. புகையை வரைவதற்கும் ஒருவர் நல்ல வழி கண்டுபிடித்தார்: புகையை வரையாமல் விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் தூண்களை அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப்போக விட்டார்.

இரண்டாவது குழு கபித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிர்ப் பக்கம். 1801-ல் இந்திய முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் முயற்சியில் தொடங்கியது அது. நாம் இன்று பார்க்கும் கும்பங்களும் மினாரும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த விரிவாக்கத்தில் வந்தவை. கும்பத்தை வரைவது பார்க்க எளிது. உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். வெங்காய வடிவத்தின் இடுப்பு எங்கே ஒடுங்குகிறது என்பதில் விரல் அகலம் பிசகினாலும் கும்பம் குடமாகிவிடும். பள்ளிவாசலைச் சுற்றித் திறந்தவெளி இருப்பதால் ஒப்பிட்டு அளக்கப் பக்கத்துக் கட்டடமும் கிடையாது. பேனாவைக் கை நீட்டிப் பிடித்து மினாரின் உயரத்தைக் கும்பத்தின் அகலத்தோடு ஒப்பிட்டு அளந்தவர்கள் தப்பித்தார்கள்.

மூன்றாவது குழு குயின் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பி மகா மாரியம்மன் ஆலயத்தின் முன்பக்கம் போனது. ‘ஒரே தெரு’ என்ற விதிக்கு நாங்கள் கொடுத்த ஒரே விலக்கு இது. கோவிலின் முதுகுதான் பிட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது, முகம் குயின் ஸ்ட்ரீட்டில். 1833-ல் எழுந்த பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவிலை முதுகை மட்டும் பார்த்து வரைந்துவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. கோபுரம் கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் அதன் மேல் முழுசாக விழும். அங்கே தெரு குறுகல். தலையை நிமிர்த்திப் பார்த்து வரையும்போது செங்குத்துக் கோடுகளும் மேலே குவிய ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்ட படங்களில்தான் அந்தத் தெருவில் நிற்கும் உணர்வு இருந்தது. கோபுரத்தின் ஒவ்வொரு சிலையையும் வரைய முயன்றவர்கள் பாதியில் ஓய்ந்தார்கள். அடுக்குகளின் நிழற்பட்டைகளை மட்டும் வைத்து, கீழ் அடுக்கில் இரண்டு உருவங்களை மட்டும் தெளிவாகக் காட்டிய ஒரு படம் மற்ற எல்லாவற்றையும்விட அடர்த்தியாக இருந்தது.

மற்றவர்கள் கடைவீடுகளின் எதிரே உட்கார்ந்திருந்தோம். நாணய மாற்றுக் கடை ஒன்றின் வாசலில் அனுமதி கேட்டபோது உள்ளிருந்த பெரியவர், “தாராளமா உக்காருங்க தம்பி, ஆனா ரேட்டுப் பலகைய மறைக்காம அந்தத் தூணோரமா போடுங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எதிர் வரிசையில் நான் வரைந்திருந்த மாடிச் சன்னல்களைக் காட்டி, “எல்லாத்தையும் சாத்தியே போட்டிருக்கீங்களே” என்றார்.

“சாத்தித்தான் இருக்கு ஐயா.”

“ஆமா, இப்போ சாத்தித்தான் இருக்கு. முன்னாடி அந்த வரிசையில மாடிக்கு மாடி ஆள் இருந்தாங்க. ராத்திரி நான் கடைய அடைக்கும்போதும் மேல வெளக்கு எரியும்.”

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1966-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், போருக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அந்தக் குறைந்த வாடகையில்தான் ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் தலைமுறையாகக் குடியிருந்தார்கள். உரிமையாளருக்கு வருமானம் குறைவு என்பதால் இடித்துக் கட்டவும் முனையவில்லை. ஊர் பழைய உருவத்தோடு தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். 1997-ல் சட்டத்தை நீக்கினார்கள்; இடைக்காலச் சலுகை 1999 முடிவோடு தீர்ந்தது. வாடகை பல மடங்கு ஏறியது, குடும்பங்கள் வெளியேறின. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு வந்தபோது கட்டடங்கள் இருந்தன, மாடியில் வசித்தவர்களில் பெரும்பாலோர் இல்லை. இந்த வரலாற்றைப் படித்தவர்கள் எங்கள் குழுவில் சிலர் இருந்தோம். ஆனால் அதைக் கையால் வரைந்து பார்த்தது அன்றுதான்.

மதியமும் மழையும்

1 மணிக்கு மேல் சாப்பாடு. அதற்குப்பின் மேற்கு வரிசைக்கு மாறுவது என்று திட்டம். இங்கேதான் திட்டம் இடித்தது. மேற்கு வரிசையில் கோவிலும் பள்ளிவாசலும் நீண்ட இடத்தை எடுத்துக்கொள்வதால் தொடர்ச்சியான நடைபாதை கிழக்கில் இருக்கும் அளவுக்கு இல்லை. இருக்கிற இடத்திலும் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. நடைபாதையின் தரை கடைக்குக் கடை உயரம் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு படி. முழங்கால் வலி உள்ள இரண்டு பேர் அந்தப் படிகளில் ஏறி இறங்க முடியாமல் சூலியா ஸ்ட்ரீட் முனைக்குத் திரும்பி, கிங் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கும் நாகூர் தர்காவுக்கு அருகே அமர்ந்தார்கள். நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்தவர்கள் 1800-களின் தொடக்கத்தில் தங்கள் ஊர் ஆண்டகையின் நினைவாகக் கட்டிய சிறிய இடம் அது. தெரு விதிக்கு வெளியே போய் வரைந்த படங்கள்தான், ஆனால் வயதானவர்களும் வரும் உலாவில் இப்படி மாற்று இடம் ஒன்றை முன்பே குறித்துவைப்பது அவசியம்.

3 மணியை ஒட்டி மழை கொட்டியது. எல்லாரும் நடைபாதைக்குள் ஒதுங்கினோம். வெளியே எதிர் வரிசை மழைத் திரைக்குப் பின்னால் மங்கிப்போனது. வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை, நாங்கள் போட்ட வெயில் கணக்கு அத்தனையும் செல்லாது. கரையும் மை கொண்டுவந்த இருவரின் படங்களில் சாரல் பட்டுக் கோடுகள் நீலமாக ஓடின. ஒருவர் அந்த ஓட்டத்தையே தூரிகையால் இழுத்து மழைக்கால வானமாக்கினார், நன்றாக வந்தது. இன்னொருவரின் இரண்டு மணி நேர வேலை போனது.

அந்த முக்கால் மணி நேரத்தில் வேறு வழியில்லாமல் நடைபாதையையே வரைந்தோம். தூண்களும் வளைவுகளும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கி ஒரே மறைபுள்ளியை நோக்கி ஓடும் காட்சி. பெர்ஸ்பெக்டிவ் கற்பிக்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. நின்று வரைபவரின் கண்மட்டம் எதிரே வரும் ஆட்களின் தலைமட்டத்தில் இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தால் அது அவர்களின் இடுப்புக்கு இறங்கிவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டதும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் படத்தில் ஆட்களைச் சரியான உயரத்தில் வரிசையாக நிறுத்தினாள். காலையில் அவள் வரைந்த ஆட்கள் எல்லாரும் தெருவில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

பெயர்ப் பலகைகளையும் அப்போதுதான் கவனித்தோம். தமிழ், சீனம், ஜாவி (மலாய் மொழியை எழுதும் அரபு எழுத்து), உரோமன் எழுத்து நான்கும் ஒரே தாழ்வாரத்தில். சீன நண்பர் ஒருவர் தமிழ்ப் பலகையை வெறும் வடிவமாகப் பார்த்து வரைந்தார். ‘ழ’வின் வாலை நாம் எழுதும்போது கவனிக்காத அளவுக்கு அழகாகச் சுழித்திருந்தார். தமிழர்கள் சீன எழுத்தை வரைந்தபோது கோடுகளின் வரிசையைத் தப்பாகப் போட்டதால் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கோடு முதலில் என்று காட்டினார். சத்தமான, சந்தோஷமான நேரம் அது.

படங்களைத் தரையில் விரித்தபோது

உலா முடிவில் எல்லாப் புத்தகங்களையும் ஓரிடத்தில் விரித்துப் பார்ப்பது வழக்கம். அன்று ஐந்து மணி அளவில் விரித்தோம். 2007-ல் சியாட்டலில் பத்திரிகை ஓவியர் கப்ரியேல் கம்பனாரியோ தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுக்களில் இந்தச் சடங்கு எங்கும் உண்டு. நேரில் பார்த்து வரைவது, பார்த்ததற்கு உண்மையாக இருப்பது, படம் தன் காலத்துக்கும் இடத்துக்கும் பதிவாக இருப்பது, ஒருவரையொருவர் தூக்கிவிட்டுச் சேர்ந்து வரைவது என்பவை அவர்கள் ஏற்றுக்கொண்ட நெறிகள். பெரும்பாலும் இந்த விரிப்பு நேரம் பாராட்டும் படமெடுப்பும் ஆகக் கழிந்துவிடும்.

அன்று ஒருவர், யார் எந்த வீட்டை வரைந்தாரோ அந்த வரிசையில் புத்தகங்களை அடுக்கலாம் என்றார். ஒரே தெருவில் வரைந்ததால்தான் அது முடிந்தது. வடமுனையிலிருந்து தொடங்கிப் பக்கம் பக்கமாக வைத்தோம். மேற்கு வரிசையின் ஏறத்தாழ முழு நீளமும் தரையில் வந்தது. அளவுகள் ஒத்துப்போகவில்லை, ஒருவரின் வீடு பக்கத்து வீட்டைவிட இரண்டு மடங்கு பெரியது, சில வீடுகளை மூன்று பேர் வரைந்திருந்தார்கள், சிலவற்றை ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் அது ஒரு தெரு.

அப்படி வைத்ததும்தான் சன்னல்கள் கண்ணில் பட்டன. ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே வரைந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடிச் சன்னல்களைச் சாத்தியே வரைந்திருந்தார்கள். துணி காயும் மூங்கில் கழி ஒரே ஒரு படத்தில், பூந்தொட்டி இரண்டு படங்களில். மற்ற மாடிகளில் ஏர்கண்டிஷனர் பெட்டி, விளம்பரத் தட்டி, அல்லது ஒன்றுமில்லை. பெரியவர் காலையில் ஒரு சன்னலைக் காட்டிச் சொன்னது வரிசை முழுக்கப் பதிவாகியிருந்தது. தனியாக எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது தெரியாது.

இன்னொன்றும் தெரிந்தது. வண்ணம் வைத்த படங்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சுள்ள வீடுகள் உயிரோடு இருந்தன. புதிதாக அக்ரிலிக் பெயின்ட் அடித்தவை அட்டையாக நின்றன. சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை வெளியே விடும். வெளுத்தும் கருத்தும் திட்டுத் திட்டாக மாறும், ஈரத் தாளில் வண்ணம் கலப்பதற்கு அது தானாக ஒத்துவரும். பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதால் உப்புப் பூத்து உரிகிறது. அந்த உரிசலை உற்றுப்பார்த்து வரைந்த இருவர், எங்கே உரிகிறது என்பதை நடைபாதை மட்டத்திலிருந்து முழங்கால் உயரம் வரை துல்லியமாகக் காட்டியிருந்தார்கள். நிலத்தடி ஈரம் ஏறும் உயரம் அது. கட்டடப் பாதுகாப்பில் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் அந்த இரண்டு பக்கங்களையும் கேட்டு நகல் எடுத்துக்கொண்டார்.

மதிப்பீடு

ஒரே தெரு என்ற முடிவு பலனளித்தது என்று தயங்காமல் சொல்வேன். காரணம், படங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஊர் முழுக்கச் சிதறியிருந்தால் இருபத்தைந்து அழகான படங்கள் கிடைத்திருக்கும். ஒரு தெரு கிடைத்திருக்காது. 2006-ல் இந்த ஊரின் ஜெட்டிக் குடியிருப்புகளில் இரண்டான கோய் ஜெட்டியையும் பெங் ஆன் ஜெட்டியையும் வீட்டுத் திட்டத்துக்காக இடித்தார்கள். அந்த வீடுகளை இப்படி வரிசையாக, பலர் கையால் யாராவது வரைந்துவைத்திருந்தால் எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று யோசிக்கிறேன். புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு எடுக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைபவர் எதில் நின்றார், எதை விட்டார் என்பதும் பதிவின் ஒரு பகுதி.

நிழலை வைத்துத் திட்டமிட்டது காலைக்கு மிகச் சரி, பிற்பகலுக்குப் போதவில்லை. ஜூலைக்குச் சரியான கணக்கு டிசம்பருக்குப் பொருந்தாது; 5 பாகை வடக்கில் இருக்கும் ஊரில் ஜூலையின் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கிலிருந்தும், டிசம்பரில் நன்றாகத் தெற்கிலிருந்தும் அடிக்கும். குறுக்குத் தெருக்களை வரைய நினைக்கும் குழு இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மனிதர்கள் பக்கம் பார்த்தால், கேட்டு உட்கார்ந்த எந்த வாசலிலும் மறுப்பு வரவில்லை. ஓர் உணவுக் கடையில் மட்டும் கூட்ட நேரம் வந்ததும் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அது அவர்கள் உரிமை, உடனே எழுந்துவிட்டோம். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பும் தெருவாசிகள் பேனாவைக் கண்டால் கிட்டே வருகிறார்கள். வந்தவர்கள் சொன்னதை அன்று ஒரு சிலர் மட்டும் படத்தின் ஓரத்தில் எழுதிவைத்தார்கள். என்னுடைய பக்கத்தின் ஓரத்தில் ‘மாடிக்கு மாடி ஆள் இருந்தாங்க’ என்ற வரி இருக்கிறது.

அடுத்த உலாவுக்கு இவற்றை முடிவு செய்திருக்கிறோம். மீண்டும் பிட் ஸ்ட்ரீட்தான், ஆனால் பிற்பகலில் தொடங்கிக் கிழக்கு வரிசையை முடிப்பது. அதற்கு முன் இரண்டு பேர் போய் மேற்குப் பக்கத்தில் உட்கார முடிந்த தூண்களை எண்ணி, படிகள் உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு வருவார்கள். எல்லாரும் ஒரே அகலத் தாளில், கீழ்த்தளத் தரைக்கோட்டை ஒரே உயரத்தில் வைத்து வரைவது. அப்போதுதான் வரிசை ஒட்டும். கதவு எண்ணும் நேரமும் பக்கத்தின் பின்னால் எழுத வேண்டும். முதல் உலாவில் உட்கார இடம் கொடுத்த கடைகளுக்கு அவரவர் எதிரே வரைந்த படத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இந்த வாரம் நடக்கிறது.